பதினோரு மாத வருஷம்

ஆசிரியர் தேவை. பாடம்: தொழிற்கல்வி. விண்ணப்பிப்பவருக்கு லேத் ஓட்டவும், மோட்டார் காயில் கட்டவும், ரவிக்கை வெட்டவும், கத்தரி நாற்று நடவும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடப் பள்ளியில் செய்ய வழியில்லாமல் போனாலும் முகம் கோணாத பக்குவம் அதைவிட அவசியம். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் பதிவேற்றுதல், விலையில்லா சைக்கிளுக்கு நட்டு முடுக்குதல், ஆண்டு விழாவுக்குத் திரைச்சீலை தைத்தல், தலைமையாசிரியர் அறை ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றுதல் ஆகியவற்றில் முன் அனுபவம் விரும்பத்தக்கது. சம்பளம் உண்டு, மே மாதம் நீங்கலாக. பணி நிரந்தரமும் உண்டு; தேர்தல் அறிக்கையில் பார்த்துக்கொள்ளவும்.

விளம்பரம் நான் எழுதியது. நிபந்தனைகள் நான் வைத்தவை அல்ல.

2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம் ஒரு பிரிவு, உடற்கல்வி ஒரு பிரிவு. மூன்றாவதாகத் தொழிற்கல்வி என்று ஒரு பெரிய கோணிப்பை. தையல், கணினி, இசை, தோட்டக்கலை, கட்டடக்கலை, வாழ்வியல் திறன் எல்லாம் அதற்குள்தான். இது யாருடைய கருணையும் இல்லை. 2009-ல் நாடாளுமன்றம் போட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது: ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கும் உடற்கல்விக்கும் வேலைக் கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். சட்டம் கேட்டது, அரசு கொடுத்தது. மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரைநாள். மாதத்துக்குப் பன்னிரண்டு அரைநாள் என்று வைத்தால் ஓர் அரைநாளுக்கு 416 ரூபாய் சொச்சம்.

"அரைநாள் வேலைக்கு இது போதாதா? மீதி நேரத்துல வேற வேலை பார்க்க வேண்டியதுதானே?" என்று கேட்ட நியாயவான்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். திங்கள் காலை, புதன் மத்தியானம், வெள்ளி காலை வர மாட்டேன் என்று சொல்லும் ஆளை எந்தக் கடைக்காரர் வேலைக்கு வைப்பார் என்று அந்த நியாயவான்கள் சொன்னதில்லை. இதில் அந்த மூன்று அரைநாளும் காகிதத்தில் மட்டும்தான். "டீச்சர், நாளைக்கு சி.இ.ஓ. விசிட். முழுநாளும் வந்துடுங்க" என்று ஹெச்.எம். சொன்னால், "சார், நான் பகுதிநேரம்" என்று பதில் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அடுத்த வருஷம் தொடர வேண்டும் அல்லவா?

பிறகு ஏற்றங்கள் வந்தன. 2014-ல் 7,000 ஆனது. 2017-ல் அரசின் மனம் இளகி, 700 ரூபாய் கூட்டி 7,700 ஆக்கினார்கள். ஒரு நாளுக்கு 23 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. 2021-ல் சட்டமன்றத் தேர்தல் வாசலுக்கு வந்ததும் 10,000. எதிரணி அதைவிடப் பெரிய மனதோடு தன் தேர்தல் அறிக்கையில் 181-ஆம் வாக்குறுதியாகப் பணி நிரந்தரத்தையே தூக்கிக் கொடுத்தது. ஆட்சி மாறியது. 181 என்ற எண் மாறவில்லை. போராட்டத் தட்டியில், கறுப்புப் பட்டையில், வாட்ஸ்அப் டி.பி.யில் என்று ஆசிரியர்கள் அந்த எண்ணை வருஷக்கணக்காகச் சுமந்து திரிந்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் மறந்துவிட்டது.

2023 செப்டம்பர் கடைசியில் பகுதிநேர ஆசிரியர்கள் சென்னை நுங்கம்பாக்கத்தில், பள்ளிக் கல்வித் துறையின் தலைமையிடமான டி.பி.ஐ. வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் அந்த வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் மாற்ற எவ்வளவு சுறுசுறுப்பு! அக்டோபர் 4-ஆம் தேதி 2,500 ரூபாய் கூட்டி 12,500 தருவதாக அறிவிப்பு வந்தது. கேட்டது நிரந்தரம், கொடுத்தது 2,500. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களை மறுநாள் விடியற்காலையில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்த டீச்சரை, வேனில் ஏற்றக் கையைப் பிடித்து இழுத்தார்கள். வாழ்வியல் திறன் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடைக்காது.

2012 முதல் அந்தப் பன்னிரண்டு வருஷமும் மே மாதம் தவறாமல் வந்தது. சம்பளம் ஒரு முறையும் வரவில்லை. பள்ளி மூடியிருக்கிறது, வேலை இல்லை, அதனால் சம்பளம் இல்லை என்பது கணக்கு. அதே பள்ளியில் அதே மே மாதம் வீட்டில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்குச் சம்பளம் உண்டு, இருக்க வேண்டியதும்தான். வீட்டுக்காரர் மே மாத வாடகையைத் தள்ளுபடி செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைக்குப் புது வருஷப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதமும் அதுதான். திறன் மிகுந்த தமிழகம் கத்திரி வெயிலில் ஒரு மாதம் பசிக்காமல் இருக்கவும் பயிற்சி கொடுத்தது என்று சொல்லலாம். பகுதிநேர டீச்சரிடம் ஏழாம் வகுப்பில் தையல் பழகிய பெண் திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்த டீச்சரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறாள். அவளுக்கு மே மாதமும் உண்டு.

பகுதிநேரம் என்பதால்தான் இந்தக் கதி, பிளஸ் டூ தொழிற்கல்வி ஆசிரியர்கள் சொகுசாக இருப்பார்கள் என்று நினைத்தால், அந்தக் கதை இன்னும் பழையது.

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அதே வருஷம், மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியை எப்படிக் கொண்டுவருவது என்று ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கி அறிக்கை கொடுத்தவர் மால்கம் ஆதிசேஷையா. நம் வேலூர்க்காரர், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். செய்து கற்பதுதான் அந்த அறிக்கையின் மூச்சு. அதற்கு முன்பே 1966-ல் கோத்தாரி குழு சொல்லியிருந்தது. அதற்கும் முன்பே 1937-ல் வார்தாவில் காந்தி சொல்லியிருந்தார். இந்த நாட்டில் தொழிற்கல்வியைப் பற்றிச் சொல்லாதவர் யாருமில்லை. சொல்லி முடித்ததும் எல்லாரும் தங்கள் பிள்ளையை எஞ்சினியரிங் கோச்சிங்கில் சேர்த்தார்கள்.

இலக்குகளின் வரலாற்றைப் பாருங்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கை: மேல்நிலை மாணவரில் 10 விழுக்காட்டினர் 1990-க்குள் தொழிற்கல்விக்கு வர வேண்டும், 1995-க்குள் 25 விழுக்காடு. 1990 வந்தது, போனது. 1992-ல் கொள்கையைத் திருத்தினார்கள். 10 விழுக்காடு 1995-க்குத் தள்ளிப்போனது, 25 விழுக்காடு 2000-க்கு. 2000 வந்தது, போனது. 2020-ல் புதிய கொள்கை வந்தது. 2025-க்குள் 50 விழுக்காடாம்! பத்தை எட்ட முடியாவிட்டால் தேதியை மாற்று. தேதி மாற்றியும் முடியாவிட்டால் இலக்கை இரட்டிப்பாக்கு. பத்தாம் வகுப்பில் நாற்பது மார்க் வாங்கிய பையன் அடுத்த பரீட்சையில் எண்பது வாங்குவேன் என்று சத்தியம் செய்தால் அப்பன் பெல்ட்டைக் கழற்றுவான். மந்திரி செய்தால் அது தொலைநோக்கு.

இந்த 50 விழுக்காட்டுக்குள்ளும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. தொழிலைக் கற்றிருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் அறிமுகம் ஆனால் போதும். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் வந்து, உள்ளூர் தச்சரிடமும் தோட்டக்காரரிடமும் குயவரிடமும் பயிற்சி எடுக்கச் சொல்கிறது கொள்கை. பத்து நாளில் குயவர் என்ன கற்றுக்கொடுப்பார்? சக்கரத்தின் மேல் கை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அந்தப் போட்டோ தளத்தில் ஏறும், பச்சை டிக் விழும், விழுக்காடு கூடும். பதிவேற்றுகிறவர் யார் என்று கேட்காதீர்கள். விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேன்.

இலக்கு தில்லியில் ஓடிக்கொண்டிருந்தபோது பட்டறையில் என்ன நடந்தது?

ஒரு மேல்நிலைப் பள்ளியின் மெஷினிஸ்ட் பட்டறையைப் பார்த்திருக்கிறேன். ஊர் வேண்டாம், உங்கள் ஊராகவே வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். உள்ளே கோயம்புத்தூரில் செய்த லேத் ஒன்று. பெட் முழுக்கக் கிரீஸ் அப்பி, அதன் மேல் தூசி படிந்து, தொட்டால் விரல் ஒட்டியது. மூணு ஃபேஸ் லைன் எப்போதோ பழுதாகி, சரிசெய்ய மதிப்பீடு போட்டு அனுப்பிய கடிதத்துக்கு நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, நினைவூட்டு மூன்று என்று கோப்பு கனத்துக்கொண்டே போனது. கரண்ட் வரவில்லை. பையன்கள் என்ன செய்வார்கள்? லேத்தைப் படமாக வரைவார்கள். ஹெட்ஸ்டாக் இங்கே, டெயில்ஸ்டாக் அங்கே, டூல் போஸ்ட் நடுவில் என்று ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்து, நீலப் பென்சிலால் நிழல் கொடுத்து, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவார்கள். அற்புதமான படங்கள். இயந்திரம் கற்கச் சேர்ந்தவர்களுக்கு ஓவிய ஆசிரியர் பணியிடத்துக்குத் தகுதி வந்திருந்தது.

அலமாரியில் ஒரு வெர்னியர் காலிப்பர் புத்தம்புதிதாக, எண்ணெய்த்தாள் பிரிக்காமல் பெட்டிக்குள் இருந்தது. ஏன் சார், பையன்களிடம் கொடுக்கக் கூடாதா என்று அங்கிருந்த தொழிற்கல்வி ஆசிரியரைக் கேட்டேன். "கீழே போட்டுட்டான்னா யாருங்க பதில் சொல்றது?" என்றார். அப்புறம் இருப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஹாக்ஸா பிளேடு பன்னிரண்டு இன்ச், இத்தனை எண்ணம். எதிரே தணிக்கைக்காரரின் சிவப்பு மை: உடைந்த பிளேடுகள் இருப்பில் காட்டப்படாதது ஏன்? பிளேடு என்றால் உடையும், இரும்பை அறுக்கத்தான் அதை வாங்குகிறோம் என்று இவர் விளக்கம் எழுதினார். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. அன்றிலிருந்து உடைந்த துண்டுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மேலே வருஷம் எழுதி ஒட்டி வைக்க ஆரம்பித்திருக்கிறார். வரிசையாக நின்றன பாட்டில்கள். பட்டறை பூட்டியே கிடந்தால் தணிக்கைக்காரருக்குச் சந்தோஷம். ஒரு பையன் ஓர் இரும்புத் துண்டை அறுத்துவிட்டால் அரசுக்கு நஷ்டம்.

செய்முறைத் தேர்வு எப்படி நடந்தது என்றும் கேட்டேன். சிரித்தார். டவுனில் ஒரு லேத் பட்டறையில் தன் காசைக் கொடுத்து ஜாப் கடைந்து வாங்கி வருவாராம். புறத்தேர்வாளர் வருவார், பார்ப்பார், மார்க் போடுவார்; அவரும் இதே மாதிரி ஒரு பள்ளியில் இதே மாதிரி ஒரு ஷெட்டில் இதே வேலையைச் செய்கிறவர். கையில் காசு இல்லாத வருஷம் போன வருஷத்து ஜாப்பையே எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து வைத்துவிடுவார்கள். தேர்ச்சி நூறு விழுக்காடு. சுதந்திர தினத்தன்று அதற்கு நற்சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

இந்த மனிதரைத் திட்டுவது சுலபம். ஆனால் வேலை தெரிந்தவர் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளியின் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. ஓடிப்போய் ஸ்டார்ட்டரைத் திறந்து, காண்டாக்ட்டைச் சுரண்டி, ஐந்து நிமிஷத்தில் ஓட விட்டார். சுற்றி நின்ற பையன்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அன்றைக்கு அந்தப் பள்ளியில் நடந்த ஒரே தொழிற்கல்வி வகுப்பு அது. பாடவேளை அட்டவணையில் அதற்கு இடமில்லை.

பிரிவு தொடங்கிய காலத்தில் பிளஸ் டூ தொழிற்கல்வி ஆசிரியர்களில் பலர் பகுதிநேரமாகவும் தொகுப்பூதியத்திலும் வந்தவர்கள். அப்படி உழைத்த காலத்தில் பாதியையாவது ஓய்வூதியக் கணக்கில் சேருங்கள் என்று கோர்ட்டு வாசலில் நின்றவர்கள். முழுக் காலத்தைக் கேட்கவில்லை; பாதியைத்தான் கேட்டார்கள். பி.ஜி. ஆசிரியர் ஹெச்.எம். ஆவார், அதற்கு மேலும் போவார். தொழிற்கல்வி ஆசிரியர் பதவி உயர்வு கேட்டு மனுப் போட்டே தலை நரைத்து ஓய்வு பெறுவார். ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்துவதற்கு முன் பதிவேடு வரும். பாஸ்டர்ட் ஃபைல் என்ற அரம் ஒன்று குறைகிறது. வாங்கிய காலத்து விலையைப் பிடிப்பதா, இன்றைய விலையைப் பிடிப்பதா என்று அலுவலகம் யோசிக்கும். சொந்தக் காசில் கடையில் வாங்கி வந்து வைத்துவிட்டு, நிலுவை இல்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் அந்தப் பணியிடம் காலி. நிரப்ப ஆள் வராது. அடுத்த வருஷம் ஆசிரியர் இல்லாததால் மாணவர் சேர்க்கை இல்லை என்பார்கள். அதற்கடுத்த வருஷம் மாணவர் இல்லாததால் ஆசிரியர் தேவையில்லை என்பார்கள். பள்ளி பள்ளியாகத் தொழிற்கல்விப் பிரிவுகளை இப்படித்தான் புதைத்தார்கள். அரசாணை போட்டு ஒரேயடியாக மூடவில்லை. மூப்பு அடைய விட்டே மூடினார்கள்.

காசில்லையா? காசு இருக்கிறது. இதே மாநிலம் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக மாற்றியது. ரோபோ வந்தது, சி.என்.சி. வந்தது. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். அது தொழிலாளர் துறையின் கணக்கு. பள்ளிக்கூடத்து ஷெட் பள்ளிக் கல்வித் துறையின் கணக்கு. ஒரே ஊரில் ஒரு மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ரோபோ, இந்தப் பக்கம் ஹார்லிக்ஸ் பாட்டில்.

வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் மேஜைக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும். மார்க் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். நல்ல மார்க் என்றால் முதல் குரூப், நடுத்தரம் என்றால் காமர்ஸ். ஒரு பையன் வருவான், ஷீட்டைப் பார்த்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இவனை வொகேஷனல்ல போடு" என்பார்கள். இயந்திரத்தின் மேல் ஆசையா என்று கேட்பதில்லை. கை வேலை செய்யுமா என்று சோதிப்பதில்லை. தலை வேலை செய்யவில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள், மீதி இருப்பது கைதானே! அவன் அப்பா சித்தாள்; அம்மா களை எடுக்கப் போகிறவர். அவர்களும் எதுவும் கேட்பதில்லை. கையெழுத்துப் போட மட்டும் பேனா கேட்பார்கள்.

இந்த இடத்தில் நம் மேடைப் பேச்சாளர்களைக் கூப்பிட வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கும். அரைநேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார், திராவிட இயக்கம் தெருவில் இறங்கியது, 1954-ல் ராஜாஜி போனார், காமராஜர் வந்து அதை ஒழித்தார். ஒழிக்க வேண்டியதைத்தான் ஒழித்தார்கள்; அதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? குலக்கல்விக்கு எதிரான ஒரே மருந்து, எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் பொதுப் பள்ளியில் கௌரவமாகப் படிக்கலாம் என்பதுதான். டாக்டர் மகள் மோட்டார் கழற்ற வேண்டும், சித்தாள் மகன் கணக்குத் தணிக்கை படிக்க வேண்டும். அதற்கு நல்ல பட்டறையும் நல்ல வாத்தியாரும் வேண்டும். பட்டறையைப் பூட்டி, வாத்தியாரைப் பட்டினி போட்டுவிட்டு, வருஷத்துக்கு நாலு கூட்டத்தில் குலக்கல்வியை எதிர்த்து முழங்கினால், உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளை மட்டும் மார்க் குறைவு என்ற பெயரில் ஒரு ஷெட்டுக்குள் தள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது? ராஜாஜி செய்ததை ஊரறியச் செய்தார், எதிர்க்க முடிந்தது. இதை எதிர்க்க ஆள் இல்லை, ஏனென்றால் செய்கிறவர்களே எதிர்ப்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

தில்லிக்காரர்களுக்குச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. குயவரிடமும் தச்சரிடமும் போய்ப் பத்து நாள் பழகு என்று கொள்கை எழுதியவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூவில் மெஷினிஸ்ட் படித்தது? ஜெர்மனியில் 75 விழுக்காடு, தென்கொரியாவில் 96 விழுக்காடு இளைஞர்கள் தொழிற்பயிற்சி பெற்றவர்கள், இந்தியாவில் 5 விழுக்காடுகூட இல்லை என்று அந்தக் கொள்கையே புலம்புகிறது. அப்படிப் புலம்பியவர்கள் 2024-25-ல் என்ன செய்தார்கள்? அந்தக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். பகுதிநேர ஆசிரியர் சம்பளம், பள்ளிகளில் தொழிற்பாடப் பயிற்றுநர் செலவு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. தொழிற்கல்வியை வளர்க்கும் கொள்கையை ஏற்காத குற்றத்துக்குத் தொழிற்கல்வி ஆசிரியரின் சோற்றில் கை வைப்பது! கொடுக்காதவர் தில்லி, கேட்டவர் சென்னை. இரண்டு பேருக்கும் மே மாதச் சம்பளம் வந்தது.

தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு என்று வந்த புதிய ஏற்பாட்டில் பயிற்றுநர் அரசு ஊழியரும் இல்லை, பள்ளி ஊழியரும் இல்லை. இடையில் ஓர் ஏஜென்சி. பாடம் நடப்பது அரசுப் பள்ளியில், சம்பளம் வருவது ஏஜென்சியிடமிருந்து, தாமதமானால் பள்ளி ஏஜென்சியைக் காட்டும், ஏஜென்சி துறையைக் காட்டும், துறை தில்லியைக் காட்டும். ஆட்டோமொபைல் பாடத்தில் வண்டி ஏன் நகரவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறவருக்கே இது பிடிபடவில்லை.

இதில் பெண் பிள்ளைகளுக்குச் செய்த துரோகத்தைச் சொல்லாமல் விட முடியாது. பிளஸ் டூவில் செவிலியம் என்றே ஒரு பிரிவு உண்டு. இரண்டு வருஷம் படித்து, வெள்ளைச் சீருடை போட்டு, ஆஸ்பத்திரியில் செய்முறை பார்த்து, நல்ல மார்க்கோடு வெளியே வரும் பெண் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. பதிவுக்கு வேறு படிப்பு வேண்டும். அதற்குப் பணம் இல்லாதவள் தனியார் கிளினிக்கில் நர்ஸ் வேலையே பார்ப்பாள். சம்பளம் மட்டும் நர்ஸ் சம்பளமாக இருக்காது. பதிவில்லாத நர்ஸ் என்றால் தனியார் முதலாளிக்குக் கசக்குமா என்ன! அவளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியைக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டே நாடி பார்க்கவும் கட்டுப் போடவும் கற்றுக்கொடுக்கிறார். அவரிடம் போய், வேலையில் திருப்தி இருக்கிறதா என்று கேட்க ஒரு பயிற்சிப் பட்டறை நடத்துவார்கள்; தேநீர் இடைவேளை உண்டு.

2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம் வந்தது. உயர்கல்வி வழிகாட்டி, வேலை வழிகாட்டி என்று பிள்ளைகளுக்கு நல்ல நல்ல படம் காட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் புரொஜெக்டருக்குப் பிளக் சரியில்லை என்றால் மாற்றிக் கொடுக்க ஒருவரைக் கூப்பிடுவார்கள் இல்லையா, அவர் யாரென்று ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு இருந்ததா, எந்த ஆண்டோடு நின்றது, ஆசிரியர் பணியிடம் என்ன ஆயிற்று, பட்டறைச் சாவி யாரிடம் இருக்கிறது, பகுதிநேர ஆசிரியருக்குப் போன மே மாதம் என்ன கொடுத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பள்ளியின் பெயரைப் போட்டு, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்; மே மாதமும் அதில் சேர்த்தி.